பன்னிரண்டாவது வெடி

திண்டிவனத்துக்கு மேற்கே இருக்கும் எங்கள் கல்குவாரியை மூடிப் பதினைந்து வருடமாகிறது. பள்ளத்தில் மழைத்தண்ணீர் பச்சையாகத் தேங்கிக் கிடக்கிறது. மண்டகப்பட்டு குகைக்கோயிலைப் பார்க்க வருகிற கூட்டம் இங்கேயும் வந்து செல்பி எடுத்துக்கொள்கிறது. நாங்கள் கல் உடைத்தபோது எட்டிக்கூடப் பார்க்காத பஞ்சாயத்து, இப்போது வேலி போட்டு, 'எதிரொலி முனை' என்று போர்டும் வைத்துவிட்டது. வருகிறவர்களுக்குக் குவாரியின் கதையைச் சொல்வது என் வேலை. வேறு ஆளே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அந்தப் போர்டுக்குப் பக்கத்தில்தான் இருதயசெல்வி வேர்க்கடலையை, எங்கள் பக்கத்து மல்லாட்டையை, வேகவைத்து விற்கிறாள். அவள் புருஷன் பிரான்சிஸ் என்னோடு வேலை பார்த்தவன். இதே பள்ளத்தில் வெடியில் செத்தான். குடித்துவிட்டு உள்ளே போய்விட்டான் என்று குவாரிக்காரர்கள் எழுதி முடித்தார்கள். மகள் புனிதாவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. எல்லாரும் சேர்ந்து "ஹோ" என்று கத்தினார்கள். எதிர்ப்பாறை திருப்பிக் கத்தியது. கைதட்டிச் சிரித்தார்கள். நான் எப்போதும்போல் பாறைக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"இங்க யாராவது செத்திருக்காங்களா?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"ஒருத்தன் செத்தான் சார். குடிச்சிட்டு..." வழக்கமாகச் சொல்வதுதான். வாய்க்குப் பழகிவிட்டது.

மல்லாட்டை அளந்துகொண்டிருந்த இருதயசெல்வியின் கை நின்றது. "அண்ணே, வேளாங்கண்ணிக்கு நடக்கறதுக்கு அவரு விரதம் இருந்தாரு. ஒரு சொட்டு தொடல. நீங்க கூடத்தான இருந்தீங்க? உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அதற்கு மேல் மறைக்க என்னால் முடியவில்லை.

"அவன் குடிக்கல சார்," என்றேன். "அன்னிக்குப் பன்னெண்டு குழியில வெடி வச்சித் திரி கொளுத்தனோம். மறைஞ்சிக்கினு வெடிய எண்றது என் வேலை. பன்னெண்டும் வெடிச்சாத்தான் ஆளு உள்ள போவணும். பன்னெண்டு சத்தம் கேட்டுது. போடான்னு நான்தான் அனுப்பனேன். அவன் காலடியில இன்னொண்ணு வெடிச்சுது. நான் எண்ணனதுல ஒண்ணு, தோ, அந்தப் பாறை திருப்பிக் குடுத்த சத்தம். ஜெயிலுக்குப் பயந்துக்கினு வாய மூடிக்கினேன்."

அந்தக் குடும்பம் மெல்லக் கார் பக்கம் நகர்ந்தது. இருதயசெல்வி கையிலிருந்த படியைத் தூக்கி என் மூஞ்சியில் அடிப்பாள் என்று நின்றேன். அடித்திருந்தால் தேவலை. அவள் படியைக் கூடையில் வைத்துத் துணியால் மூடினாள்.

"பதினெட்டு வருஷம்," என்றாள். "எம் பொண்ணே அவ அப்பனக் குடிகாரன்னு நெனச்சிக்கினு இருக்கா."

அப்போது ஒரு வேன் வந்து நின்றது. பிள்ளைகள் குதித்திறங்கி வேலியைப் பார்த்து ஓடினார்கள்.

"போ," என்றாள். "அவங்களுக்கும் சொல்லு. தெனமும் சொல்லு. அவரு பேரச் சொல்லிச் சொல்லு."

அண்ணே என்று அவள் கூப்பிடவில்லை.