வாய் நிறைய தண்ணீர்

அன்று மதியம் நானும் அக்காவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். தொலைக்காட்சியில் ஒரு பெண் கணவனைப் பறிகொடுத்து அழுதுகொண்டிருந்தாள். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளையே பார்த்தாள்.

"இவ்வளவு அழறா, ஒரு தடவையாவது மூக்கை உறிஞ்சறாளா பாரு. நிஜமா அழறவளுக்கு முதல்ல ஒழுகறது மூக்குதான்."

"குத்தம் கண்டுபிடிக்கறதுக்கு யாராவது சம்பளம் குடுத்தாங்களா?" என்றேன்.

"சும்மா உட்கார்ந்திருந்தா வாய் அரிக்குதுடி" என்று சொல்லி, உரித்ததில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

அடுப்பில் தண்ணீர் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது அக்கா மேசைமேல் தலை சாய்த்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தேன். இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னார்.

இரங்கல் எழுதியவர்கள் எல்லோரும், எந்த நாட்டுக்காரர் ஆனாலும், அவள் நடித்த ஒரே ஒரு காட்சியைப் பற்றித்தான் எழுதியிருந்தார்கள். அந்தக் காட்சி எடுக்கப்பட்டபோது அங்கே இருந்த எங்கள் வீட்டு ஆள் நான் ஒருத்திதான். அதனால் நானும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அழுது எழுதப்போவதில்லை. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடிவதில்லை.

அக்கா ஐந்து மொழிப் படங்களில் நடித்தவள். தெரிந்த மொழி ஒன்று. காகிதத்தைக் கையில் கொடுத்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்த நான், வேலை முடிந்து வந்ததும் நம் எழுத்தில் எழுதி வந்த மறுநாள் காட்சியை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அவள் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வசனம், கதாநாயகன் வசனம், வில்லனின் சிரிப்பு, நடுவில் கார் ஹாரன் அடித்தால் அது உட்பட எல்லாவற்றையும் நான் வாசிக்க வேண்டும். அப்படியே ஒரு பாட்டுபோல முழுக் காட்சியும் அவளுக்குள் இறங்கிவிடும். அர்த்தம் அப்புறம்தான் கேட்பாள். படப்பிடிப்பில் அவளுக்கு 'டேப் ரெக்கார்டர்' என்றே பட்டப்பெயர்.

இதில் ஒரு கோளாறு இருந்தது. பாட்டாகப் படித்ததால், முந்தைய அடியைச் சொல்லாமல் அடுத்த அடி அவளுக்கு வராது. எதிரில் இருப்பவர் பேசும்போது அவர் வசனத்தையும் இவள் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வருவாள். உதடு லேசாக அசையும். அது எங்கள் ஊர்ப் படங்களில் யாருக்கும் உறுத்தவில்லை. கதாநாயகன் பேசினால் கேமரா கதாநாயகன் முகத்தில் இருக்கும். குரலைப் பிறகு சேர்த்துக்கொள்வார்கள். படத்தொகுப்பாளர் ஒருவர் மட்டும் ஒருமுறை அலுத்துக்கொண்டார்.

"மேடம், அவர் பேசறப்போ உங்க முகத்தை வைக்கலாம்னு பார்த்தா ஒரு துண்டுகூட தேறலை. அவர் வசனத்தையும் நீங்களே பேசிடறீங்க. அப்புறம் அவருக்கு எதுக்கு சம்பளம்?"

"அதையும் எனக்கே குடுக்கச் சொல்லுங்க" என்றாள் அக்கா. சிரித்துவிட்டு மறந்துபோனோம்.

நாற்பதைத் தாண்டியதும் அவளுக்கு வாய்ப்புகள் வற்றின. ஒருநாள் ஒரு தயாரிப்பாளர் வீட்டுக்கு வந்து, அவள் ஜோடியாக நடித்த அதே கதாநாயகனுக்கு அம்மாவாக நடிக்கக் கேட்டார். அவர் போனதும் அக்கா கதவைச் சாத்திக்கொண்டு வந்தாள்.

"அவரு எனக்கு எட்டு வயசு மூத்தவரு. நான் பிறக்கறதுக்கு முன்னாடியே அவரை எப்படிடி பெத்தேன்?"

சிரித்தாள். ஆனால் அந்த வாரம் முழுக்கத் தரையில் படுக்கவே இல்லை. வாசித்துக் காட்ட என்னிடமும் எதுவும் இல்லை.

அப்படியிருந்த நேரத்தில்தான் அந்தத் தொலைபேசி அழைப்பு வந்தது. குளிர்நாடு ஒன்றின் பெண் இயக்குநர், அக்காவின் பழைய படம் ஒன்றை ஏதோ ஒரு விழாவில் பார்த்திருக்கிறார். தன் படத்தின் நாயகி அக்காதான் என்று முடிவுகட்டிவிட்டாராம். ஒரு ஒத்திகை மட்டும் பார்க்க வேண்டுமாம். எங்களுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நான் அச்சகத்தில் சம்பளமில்லாத விடுப்பு எழுதிக் கொடுத்தேன். அக்கா கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அந்த வெயிலில், கூடத்தில் நடந்து பார்த்தாள்.

"பாஷை தெரியாத ஊர்ல போய் என்னடி பேசப்போறே?" என்றாள் அம்மா.

"இங்க மட்டும் தெரிஞ்சா பேசினேன்?"

அந்த ஊரில் மூச்சு விட்டாலே புகை வந்தது. அக்கா குழந்தைபோல் ஊதி ஊதிப் பார்த்தாள். எங்களுக்கு மொழிபெயர்க்க நம் மொழி பேசும் ஒருவரைப் பிடித்து வைத்திருந்தார்கள். அவர் அங்கே பேருந்து ஓட்டுகிறவர். விமான நிலையத்திலேயே, "அக்கா, உங்க படம் எல்லாத்தையும் முதல் நாளே பார்த்தவன் நான்" என்று ஆரம்பித்தவர், விடுதி வரும்வரை நிறுத்தவில்லை. இயக்குநர் நெடுநெடுவென்று வளர்ந்தவர்; எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். அக்கா அவருக்கு உடனே 'ஒட்டகச்சிவிங்கி' என்று பெயர் வைத்தாள்.

கதை, கப்பல் கழுவும் ஒரு பெண்ணைப் பற்றியது. வேறொரு கப்பலில் வேலைக்குப் போன மகள் திரும்பவில்லை. துறைமுக அதிகாரி இவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நடந்ததைச் சொல்கிறார். நீளமான காட்சி. அதிகாரி பேசிக்கொண்டே இருப்பார். கேமரா கடைசிவரை அக்காவின் முகத்தை விட்டு நகராது. குரலையும் அங்கேயே பிடித்துவிடுவார்கள். வசனத்தை ஓட்டுநர் நம் எழுத்தில் எழுதிக் கொடுத்தார்; நான் வாசிக்க, அக்கா படித்துக்கொண்டாள்.

பழைய கிடங்கு ஒன்றுக்குள் அறைபோல் தட்டி அடித்திருந்தார்கள். அதிகாரியாக நடித்தவர் அந்த நாட்டின் பெரிய மேடை நடிகர், வெள்ளைப் புருவக்காரர். அவர் பேச ஆரம்பித்தார். ஒட்டகச்சிவிங்கி கை தூக்கினார். மறுபடியும் ஆரம்பித்தார்கள். மறுபடியும் கை. பெரியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி ஏதோ சொன்னார். கேமராக்காரர் குனிந்து சிரித்தார்.

"என்னப்பா சொல்றாரு?" என்றாள் அக்கா.

"விடுங்கக்கா," என்றார் ஓட்டுநர்.

"சும்மா சொல்லு."

"'நான் எதுக்கு வந்தேன், அந்த அம்மாவே என் வசனத்தையும் பேசிட்டுப் போகட்டுமே'ங்கறாரு."

நானும் அக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடல் கடந்து வந்தும் அதே குட்டு.

இயக்குநர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார்; ஓட்டுநர் அதைவிட மெதுவாகச் சொன்னார். "அவ அதை முதல் தடவையா கேக்கறா. அந்த நேரத்துல அவ முகத்துல என்ன நடக்குதுங்கறதுதான் படமே. உங்க உதட்டுக்கு எல்லாம் முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நாளைக்குக் காலைல இன்னொரு தடவை பார்ப்போம்."

நாளைக்கும் இல்லையென்றால் என்ன என்று அவர் சொல்லவில்லை. உடைகள் வைத்திருந்த அறையில் நான் பார்த்தேன். கப்பல் கழுவுகிறவளின் சாம்பல் நிற அங்கி இரண்டு தொங்கியது. ஒன்று அக்காவின் அளவு. இன்னொன்று இடுப்பு சிறுத்து, கை நீண்டு, வேறு யாருடைய அளவோ.

விடுதிக்கு வந்ததும் வேலையில் இறங்கினோம். முதலில் உதட்டைக் கடித்துப் பார்த்தாள். பல்வலிக்காரிபோல் இருந்தது. என் கழுத்துத் துணியை வாயைச் சுற்றிக் கட்டினாள். துணி அசைந்தது. சரி, அவள் வசனத்தை மட்டும் தனியாகப் படிக்கலாம் என்றால், கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள்.

"தலையை வெட்டிட்டு முண்டத்தை நடக்கச் சொல்றே," என்று கட்டிலில் விழுந்தாள். "அங்கே போனா அந்த ஆளுக்கு அம்மா. இங்கே இருந்தா இந்த ஆளுக்குச் சிரிப்பு. எது தேவலைன்னு நீயே சொல்லு."

அவள் தொண்டை வேறு கட்டியிருந்தது. வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். குளியலறைக்குப் போனாள். நேரம் வீணாக வேண்டாம் என்று நான் வெளியில் நின்றபடியே அதிகாரியின் வசனத்தை உரக்க வாசித்தேன். கொப்பளிக்கும் சத்தம் நின்றது. கதவு திறந்தது. கன்னம் இரண்டும் உப்பி, வாய் நிறைய தண்ணீரோடு அக்கா என் எதிரில் வந்து நின்றாள். என்னை வாசிக்கச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

வாசித்தேன். உதடு அசையவில்லை. அசைந்தால் தண்ணீர் வழிந்துவிடுமே! சொல் எல்லாம் எங்கே போகும்? கண்ணுக்குப் போயிற்று. 'உங்கள் மகள்' என்ற இடம் வந்தபோது அந்தக் கண்ணைப் பார்த்து எனக்கே வாசிப்பு தடுமாறியது. அதிகாரி முடித்தார். அக்கா மடக்கென்று விழுங்கினாள். அவள் வசனம் சுத்தமாக வந்தது.

"சீ, உப்பு," என்றாள். உடனே, "இன்னொரு தடவை வாசிடி."

நல்ல தண்ணீருக்கு மாறினோம். வாசிப்பு, விழுங்கல், வசனம். வாசிப்பு, விழுங்கல், வசனம். ஒருமுறை என் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பு வந்து, வாயிலிருந்தது முழுவதையும் என் மேலேயே பீய்ச்சினாள். வாயில் வைக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தோம். கடைசியில் ஒரு சொட்டும் இல்லாமல், இருப்பதாக நினைத்துக்கொண்டே செய்தாள். உதடு அசையாமல் நின்றது! இருவரும் கட்டிலில் ஏறிக் குதித்தோம். கீழ் அறைக்காரர் கூரையைத் தட்டினார்.

காலையில் காரில் போகும்போது மறுபடியும் வாய் நிறைய தண்ணீர். ஓட்டுநர், தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள்.

"அக்காவுக்கு என் மேல கோவமா?" என்று அவர் என்னிடம் கிசுகிசுத்தார்.

"வாய்ல வேலையா இருக்கா," என்றேன்.

கிடங்குக்குள் ஒருவரும் எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அது நேற்றைய சிரிப்பைவிட மோசமாக இருந்தது. தண்ணீரை வெளியிலேயே துப்பிவிட்டு வந்திருந்த அக்கா போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், அவள் கழுத்து தெரிகிற இடமாகப் பார்த்து நின்றேன்.

பெரியவர் பேச ஆரம்பித்தார். என்னைவிட நிதானமாகப் பேசினார். உதடு அசையவில்லை. கப்பல் பெயரைச் சொன்னார். அசையவில்லை. புயலைச் சொன்னார். அசையவில்லை. ஒட்டகச்சிவிங்கி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். 'உங்கள் மகள்' என்று சொன்ன பெரியவர், நான் ஒருபோதும் நிறுத்தாத அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். வேண்டுமென்றே செய்தாரா, வசனம் மறந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் அக்கா அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்துவிடுவாள் என்று பயந்தேன். எங்கள் ஊரில் எத்தனை பேருக்கு அப்படி எடுத்துக் கொடுத்தவள்! கன்னம் ஒரு நூல் இறுகியது. கண்ணில் நீர் கோத்தது. வாயில் இல்லாத தண்ணீரைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள்.

பெரியவர் மிச்சத்தைச் சொல்லி முடித்தார். அக்காவின் தொண்டை ஏறி இறங்கியது. பிறகு அந்த மொழியில், ஒரு பிசிறில்லாமல், தன் வசனத்தைக் கேட்டாள்: "அன்று அவள் சாப்பிட்டிருந்தாளா?"

யாரும் 'கட்' சொல்லவில்லை. கேமராக்காரர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் வாயில் கை வைத்திருந்தார். பெரியவர்தான் முதலில் எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, அக்காவின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு என்னவோ சொன்னார்.

"இப்ப என்ன சொல்றாரு?" என்றாள் அக்கா.

ஓட்டுநர் அக்காவின் பக்கம் திரும்பினார். "நாளைலேர்ந்து தினமும் ஏழு மணிக்கு வரணுமாம். நான் இல்ல. நீங்க."

நான் நேராக உடை அறைக்கு ஓடினேன். கை நீண்ட அங்கியைக் கொக்கியிலிருந்து எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று ஒத்திகையாக எடுத்ததையே இயக்குநர் படத்திலும் வைத்துக்கொண்டார். அந்தப் படம் ஊர் ஊராகப் போனது. பரிசு மேல் பரிசு. எல்லா மொழிப் பத்திரிகைகளும் அந்த விழுங்கலைப் பற்றியே எழுதின. ஒரு பேட்டியில், "அந்த நொடியில் உங்கள் மனதில் என்ன ஓடியது?" என்று கேட்டார்கள். அக்கா கண்ணை மூடித் திறந்து, "ஒரு தாய் தன் துக்கத்தை விழுங்குகிறாள்" என்றாள். மேசைக்கடியில் அவள் தொடையைக் கிள்ளினேன். காரில் ஏறியதும் இருவரும் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் ஓரமாக நிறுத்தி, உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார்.

அதற்குப் பிறகு எத்தனை நாடுகள்! மணல்காட்டில் ஒரு படம், பனி உறைந்த ஏரிமேல் ஒரு படம். காலைச் சிற்றுண்டியின்போது வசனத்தை மாற்றுகிற இயக்குநர் ஒருவர், வசனமே கொடுக்காத ஒருவர். நான் அச்சக வேலையை விட்டுவிட்டேன். எந்த ஊர் விடுதியிலும் எங்கள் அறை விரிப்பு ஈரமாகவே இருக்கும். அறை துடைக்க வருகிறவர்கள் எங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். "துணி துவைக்கறோம்னு நினைச்சிருப்பாங்க. நினைச்சுக்கட்டும்," என்பாள் அக்கா.

போன வாரம் எங்கள் ஊர்த் திரையரங்கு ஒன்றில் அஞ்சலியாக அந்தப் படத்தைப் போட்டார்கள். கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர் பேச ஆரம்பித்ததும், பழக்கதோஷம், அவர் வசனத்தை நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். பக்கத்து நாற்காலிப் பெண் திரும்பிப் பார்த்தாள். கப்பல் பெயர், புயல், 'உங்கள் மகள்', அப்புறம் அந்த இடைவெளி. அவர் முடிக்கும்வரை அக்காவின் உதடு அசையவில்லை.