முர்தஜாவின் குளோன்

மதியம் முனைவர் பட்டத்துக்காக ஆய்வுக் குழுவின் முன்னால் நிற்கவேண்டிய ஹைமவதி, காலையில் கேன்டீனில் எனக்கும் சேர்த்துப் பாசிப்பயறுப் பெசரட்டு தோசை வாங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் தயவில் நான் சாப்பிட்டது அதுவே முதல் தடவை.

"வயிறு நிறையச் சாப்பிடு சேட்டு. எலியோட டி செல்லு மொத்தமும் காலி. விடியகாலையில பார்த்துட்டேன்."

பேகம் பஜாரில் முந்திரி, பிஸ்தா மண்டி வைத்திருக்கும் வீட்டில் பிறந்துவிட்டு எலிகளோடு காலம் தள்ளுகிறவன் நான். சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் நான் சேட்டுதான்.

எலிக்குப் புற்றுக்கட்டி வந்தால், அந்தக் கட்டிக்கே காவல் நிற்கிற ஒரு வகை டி செல்கள் உண்டு. அவற்றின் மேலிருக்கும் ஏற்பியைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஒரு வகையை, அதாவது ஒரு குளோனை, எங்கள் கூடத்திலேயே வளர்த்திருந்தோம். ஹைமவதி அதை எலிகளுக்கு ஊசியாகப் போட்டாள். கட்டி சுருங்கியது. காவல்காரச் செல்கள் செத்ததால்தான் சுருங்கியது என்பது அவள் ஆய்வின் மொத்தச் சரக்கு. அதைக் காட்ட மண்ணீரலை எடுத்து, ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடியால் அந்தச் செல்களைத் தேடியிருக்கிறாள். செல்லுக்கொரு புள்ளி வைத்து எண்ணும் சைட்டோமீட்டர் திரையில் ஒரு புள்ளிகூட இல்லை.

"எந்தக் குளோனால தேடினே?"

"நம்மளோடதாலதான். வீட்டுல இருக்கிறப்ப வெளியில எதுக்கு வாங்கணும்?"

பெசரட்டைத் தட்டிலேயே வைத்தேன்.

"ஊசி போட்டதும் அது, தேடினதும் அதுவா?"

"ஆமா. அதுக்கென்ன இப்போ?"

"எங்க கடையில இருக்கிற நாற்காலியில எல்லாம் ஆளு உட்கார்ந்திருக்கான்னு வை. பின்னால வர்றவன் இடமில்லாம திரும்பிப் போய், அந்தக் கடையில நாற்காலியே கிடையாதுன்னு சொல்றான். நீ நம்புவியா?"

அவள் சட்னிக் கிண்ணத்தைத் தட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு நிறுத்தினாள்.

"செல்லு சாகல. ஏற்பி மட்டும் மூடிக்கிட்டு இருக்குன்றே."

"அப்படித்தான்னு சொல்லல. பார்க்காம எப்படித் தெரியும்? வெளியிலேருந்து தேர்வாளரா வர்ற மேடம் இதைக் கேட்காமலும் போகலாம்."

"அவங்க கேட்காட்டியும் இனிமே என்னால அந்தப் படத்தைக் காட்ட முடியாது சேட்டு. வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம் நீ."

மிச்சமிருந்த மண்ணீரல் செல்கள் ஐஸில் இருந்தன. நேரம் ஆக ஆக அவை சாகும். செத்தவை எந்தச் சாயத்தையும் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். அதற்குள், அதே ஏற்பியை வேறு பக்கமாகப் பிடிக்கிற இன்னொரு குளோன் வேண்டும். அது மேல்மாடியில், முர்தஜாவின் ஃப்ரிட்ஜில் இருந்தது. அவனுடைய கூடத்துக்கும் எங்கள் கூடத்துக்கும் சைட்டோமீட்டர் எந்த நாள் யாருக்கு என்று ஓயாத சண்டை.

"நான் பேசறேன். நீ வராதே" என்றேன். பண்டம் வேண்டும் என்பது முகத்தில் தெரிந்தால் விலை ஏறிவிடும்.

முர்தஜா சொட்டு அளக்கும் பிப்பெட்டைக் கீழே வைக்காமலே பேசினான். "என்ன சேட்டு, மாடி ஏறி வந்திருக்கே? கீழே பஞ்சமா?"

"சும்மாதான் மியான். உன் பழைய குளோன் ஒண்ணு காலாவதி ஆகப்போகுதாமே. தூக்கிப் போடறதுக்கு முன்னால ரெண்டு சொட்டு கொடுத்தா நாங்க விளையாடிப் பார்ப்போம்."

"விளையாட்டுக்குன்னா அடுத்த வாரம் வா."

"அடுத்த வாரம் எனக்கு மனசு மாறிடும்."

அவன் சிரித்தான். படியப்போகிறது என்று நினைத்த நேரத்தில் கதவருகே ஹைமவதி வந்து நின்றாள், கையில் ஐஸ் டப்பாவோடு. அந்த முகத்தைப் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசலில் ரத்தம் தேடி நிற்பவர்கள் தோற்றார்கள்.

முர்தஜா பிப்பெட்டைக் கீழே வைத்தான். "வெள்ளிக்கிழமை மெஷின் எனக்கு. முழு நாளும்."

"அரை நாள்."

"முழு நாள். சனிக்கிழமையும்."

"மியான், இது பேரமா, வழிப்பறியா?"

"சரின்னு சொல்லு சேட்டு" என்றாள் ஹைமவதி. அவ்வளவுதான், வியாபாரம் முடிந்தது.

ஊசி போடாத எலியின் செல்கள் ஒரு டியூபில், போட்ட எலியின் செல்கள் ஒரு டியூபில். சாயம் வெளிச்சத்தில் கெட்டுவிடும் என்பதால் அலுமினியத் தாளால் மூடி ஐஸில் வைத்துவிட்டுக் காத்திருந்தோம்.  அந்த அரை மணியில் அவள் கைபேசியில் எங்கள் வழிகாட்டி டாக்டர் கோடேஸ்வர ராவின் அழைப்பு இரண்டு முறை அதிர்ந்து ஓய்ந்தது.

முதல் டியூப். புள்ளிகள் திரையின் வலப்பக்கம் கொத்தாகச் சேர்ந்தன. சாயம் சரியாக வேலை செய்கிறது.

இரண்டாவது டியூப். ஒரு கணம் வெறும் திரை. அவள் என் சட்டைக் கையைப் பிடித்தாள். பிறகு ஒன்று, இன்னொன்று, அப்புறம் மழை மாதிரி. அதே இடத்தில், அதே கொத்து. ஒரு செல்லும் சாகவில்லை.

"உசிரோட இருக்கு" என்றாள், யாரோ செத்த செய்தியைச் சொல்வதுபோல.

குழு அறையில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். அவள் காலைப் படத்தையும் மதியப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். "செல் செத்துப்போச்சுன்னு நினைச்சேன். அதே குளோனால தேடினது என் தப்பு. வேற குளோனால பார்த்தா எல்லாம் இருக்கு. ஆனா கட்டி சுருங்கினது நிஜம்." ராவ் சார் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியிலிருந்து வந்த மேடம் பேனாவைத் திறந்தார், மூடினார். "அப்போ கட்டி ஏன் சுருங்கிச்சு?"

"தெரியல மேடம்."

"ரெண்டாவது படம் எப்போ எடுத்தது?"

"இப்போதான். ஐஸ் இன்னும் உருகியிருக்காது."

மேடம் நெடுநேரம் இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னிக்குப் பட்டம் கிடையாதும்மா. புது எலி வச்சு, ரெண்டு குளோனாலயும் பார்த்து, ஆறு மாசத்துல தலைப்பை மாத்திட்டு வாங்க. முதல் படத்தோட மட்டும் வந்திருந்தீங்கன்னா, அந்தத் தப்பை நானே கேட்டிருப்பேன்; உங்களைத் திரும்ப வரச் சொல்லியே இருக்கமாட்டேன்."

நடைபாதையில் முர்தஜா வெள்ளிக்கிழமைக்கு இப்போதே பேர் எழுதிக்கொண்டிருந்தான். ஹைமவதி நேராக அவனிடம் போனாள். "அந்தக் குளோன்ல மிச்சம் முழுசும் எனக்கு வேணும்."

அவன் என் பக்கம் திரும்பினான். "சேட்டு, இனிமே இவளைக் கூட்டிட்டு வராதே. பேரம் பேசற சுகமே போயிடுது."