ஏழாவது துணி

பெட்ரோல் குழாய் மாட்டியாயிற்று. பேட்டரி வயர் இறுக்கியாயிற்று. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றியாயிற்று. ஒவ்வொன்றுக்கும் நோட்டில் டிக் அடித்துக்கொண்டே வந்த லிஸ்டு, கடைசி வரிக்கு வந்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டான். 'அடைத்த துணி: ஏழு' என்றிருந்தது. வெளியே எடுத்த துணிகளைப் போட்டிருந்த டப்பாவைப் பெஞ்சில் கவிழ்த்து எண்ணினான். ஆறு. மறுபடியும் எண்ணினான். ஆறுதான்.

லிஸ்டு என்பது அத்தான் வைத்த பெயர். அவனுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. காய்கறி வாங்கப் போனாலும் எழுதி வைத்துக்கொண்டுதான் போவான். எழுதியதையும் முழுசாக நம்ப மாட்டான். அக்காவின் கார் புகை கக்கி நின்றது பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில். எஞ்சினை இறக்கி, அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டுவதற்குள் ஆறு வாரம் ஓடிவிட்டது. தினமும் வேலை முடிந்து வந்து மூன்று மணி நேரம். திறந்து கிடக்கும் துளைகளில் தூசி விழாமலிருக்கத் துணி கிழித்து அடைத்து வைப்பான். அதில் ஒன்றைத்தான் இப்போது காணோம்.

அக்கா அந்தக் காரில்தான் ஐந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போவாள். நாளைக் காலை பள்ளி திறக்கிறது. வண்டி வராவிட்டால் அடுத்த தெரு வேன்காரரிடம் பேசிக்கொள்வதாக மூன்று வீட்டில் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

"என்ன மச்சான், சாவியத் திருப்பணும்னும் லிஸ்டுல எழுதணுமா?" என்று அத்தான் கேட்டார். காவல் வேலைக்காரர். முந்தின இரவு வேலை முடித்து வந்ததிலிருந்து தூங்காமல், கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு துணி குறையுதுத்தான். உள்ள இருந்தா?"

"இருக்கட்டும். குளிருக்குப் போத்திக்கட்டும்."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எண்ணெய் போகும் வழியில் அது கிடந்தால், ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் புதுப் பேரிங்குகள் கருகி எஞ்சின் இறுகிவிடும். பட்ட பாடெல்லாம் பாழ். ஒருவேளை ஆறு அடைத்துவிட்டு ஏழென்று எழுதிவிட்டோமோ? தூக்கக் கலக்கத்தில் எழுதிய நாட்களும் உண்டுதான்.

மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தான். இல்லை. காற்று உள்ளே போகும் குழாயைக் கழற்றினான். அங்கும் இல்லை. இரண்டையும் திரும்பப் பூட்டி முடிக்கவே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. மிச்சம் இருப்பது எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டி. ஊற்றிய எண்ணெயை வடித்து, மல்லாந்து படுத்து, பதினெட்டு போல்ட் கழற்ற வேண்டும். நினைக்கும்போதே முதுகு வலித்தது.

அக்கா வாசலுக்கு வந்தாள். "இன்னுமாடா முடியல?"

விஷயத்தைச் சொன்னான். சற்று நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அதுவா? அத நான்தான் எடுத்தேன். அடுப்பு தொடச்சுட்டுத் தூக்கிப் போட்டுட்டேன்."

"எந்தத் துணி அக்கா, பூப்போட்டதா?"

"ஆமா, பழைய பெட்ஷீட்டுதானே. பூப்போட்டதுதான்."

அத்தான் கைதட்டினார். "கேஸு முடிஞ்சுது. திருப்பு சாவிய."

அவன் உள்ளே உட்கார்ந்து சாவியில் கை வைத்தான். எதிரே பெஞ்சில் அந்த ஆறு துணிகளும் கிடந்தன. ஆறும் பூப்போட்டவை. அப்போதுதான் நினைவு வந்தது. பெட்ஷீட் ஆறு துண்டோடு தீர்ந்துபோயிற்று. ஏழாவதை அவனுடைய கிழிந்த வேலைச் சட்டையின் கையிலிருந்துதான் வெட்டினான். சாம்பல் நிறம், நுனியில் ஒரு பட்டன்.

அக்காவை நிமிர்ந்து பார்த்தான். பள்ளி திறக்கும் கவலையில் அவளும் சில நாளாகச் சரியாகத் தூங்கவில்லை; நின்றபடியே தூங்கிவிடுவாள் போலிருந்தாள். நம்பிவிட்டால்தான் என்ன? உடம்பில் இருந்த எலும்பெல்லாம் 'திருப்பு' என்றது.

"ஒரு ஒரு மணி நேரம்க்கா" என்று இறங்கி, அட்டையை விரித்துக் காருக்கடியில் நுழைந்தான்.

தொட்டியை இறக்கியபோது, பம்ப் எண்ணெய் உறிஞ்சும் சல்லடையை ஒட்டி அது கிடந்தது, பட்டனோடு. வெளியே வந்து பெஞ்சில் வைத்தான். எண்ணெய் சொட்டியது.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். "எப்படியாவது இன்னிக்கே முடியட்டும்னு பொய் சொன்னேன்டா."

"தெரியும்க்கா."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொன்னத நம்பத்தான் பாத்தேன்."

அத்தான் வாளியிலிருந்து எட்டித் துணியைப் பார்த்தார். "அந்தப் பட்டனப் பிச்சு வை மச்சான்," என்றார். "என் சட்டையில ஒண்ணு இல்ல."

தொட்டியைப் பூட்டி, விளிம்பில் தடவிய பசை காயக் காத்திருந்து, வடித்த எண்ணெயைச் சுத்தமான துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றும்போது வெளிச்சம் மங்கியிருந்தது. நோட்டில் ஏழுக்கு நேராக டிக் அடித்தான். அக்காவையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னான்.

முதல் தடவை இருமியது. இரண்டாவது தடவையும் இருமல்தான். மூன்றாவதில் பிடித்துக்கொண்டு, காரே ஒருமுறை குலுங்கி, ஓடத் தொடங்கியது. எண்ணெய் ஓட்டத்தைக் காட்டும் சிவப்பு விளக்கு மூன்று நொடி எரிந்து அணைந்தது. எண்ணெய் ஏறிவிட்டது.

"ஆக்ஸிலேட்டர்லேர்ந்து கால எடுக்காதக்கா. இதே சத்தத்துல இருபது நிமிஷம் ஓடணும். அப்பத்தான் புதுசெல்லாம் ஒண்ணோடொண்ணு படியும்."

"சரிடா" என்றாள். அத்தான் வாளியிலேயே சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். அவன் எஞ்சின் மேல் குனிந்து எங்கேயாவது கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். ஆறாவது நிமிடத்தில் சத்தம் மெல்லத் தாழ்ந்தது. எட்டிப் பார்த்தான். அக்காவின் தலை ஸ்டியரிங்கை நோக்கிச் சரிந்துகொண்டிருந்தது.

காரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினான். அவள் நிமிர்ந்தாள், சத்தமும் நிமிர்ந்தது. இன்னும் பதினான்கு நிமிடம்.