சாவி உன்கிட்ட

எக்ஸ்ரே எடுப்பதுதான் என் பிழைப்பு. எத்தனையோ எலும்பு முறிவுகளைப் பார்த்தவள், அண்ணனின் கால் படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது மட்டும் முழுசாகப் பார்க்காமல் போனை மூடிவிட்டேன். வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக் அவன். ஏணியிலிருந்து விழுந்து, இரண்டு மாதம் கட்டிலே கதி. போன் செய்தால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்", அதோடு சரி.

"மாமாவோட அரட்டை அடிக்க ஒரு கேம் சர்வர் ஆரம்பிம்மா. அந்தக் காலத்துல ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் கேம்ல டாங்கி ஓட்டுனோம்னு பெருமை அடிச்சுக்குவியே," என்றாள் என் மகள்.

ஞாயிற்றுக்கிழமை அவளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள். பெயர் வை, எழுத ஒரு அறை, பேச ஒரு அறை, லிங்க்கை அனுப்பு. அவ்வளவுதானாம்.

"நாங்க ரெண்டு பேரும் வெளிய போயிட்டா ரூமை யாரு பாத்துக்குவா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ரூம் எங்கம்மா போகும்? அது பாட்டுக்கு இருக்கும்."

எங்கள் காலத்தில் நெட்டில் டாங்கி ஆட நாங்கள் திறந்த அறை அப்படி இல்லையே. கடைசி ஆள் வெளியேறினால் அறையே கலைந்துவிடும். அடுத்து முதலில் நுழைகிறவன் வைத்ததுதான் சட்டம். எதிரணிக்காரர்கள் அதற்காகவே கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தார்கள். அதனால் ஐந்து பேரும் முறை போட்டுக் காவல் இருந்தோம். பல்லி, டீச்சர், தொப்பி, அண்ணன், நான். மற்ற மூவருக்கும் முகமும் தெரியாது, நிஜப் பெயரும் தெரியாது. இரவு முறை பல்லிக்கு. அவன் ஆபீஸில் கம்ப்யூட்டரை அணைக்கவே மாட்டார்களாம். முறை மாறும்போது "சாவி உன்கிட்ட" என்று ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும். "சாவி என்கிட்ட" என்று பதில் வந்த பிறகுதான் நகரலாம்.

நாலிலிருந்து ஆறு வரை என் முறை. கல்லூரித் தேர்வு முடிவு வந்த அன்று தோழியிடம் மார்க் கேட்க எனக்குக் கை அரித்தது. வீட்டில் இருந்ததோ ஒரே போன் லைன். நெட்டில் இருந்தால் பேச முடியாது, பேசினால் நெட் கிடையாது. அஞ்சு நிமிஷம்தானே என்று நெட்டைத் துண்டித்தேன். பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. திரும்பி வந்தால் அறை எதிரணி கையில். நுழைந்ததும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினார்கள்.

அந்த நேரம் பார்த்து அண்ணன் வந்தான். அம்மா எங்கே போயிருந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது. "அம்மா போன் பேசணும்னு லைனைக் கட் பண்ணிட்டாங்கண்ணா. இப்பத்தான் கடைக்குப் போனாங்க," என்று அழுதேன். பத்து நிமிடத்தில் அம்மா காய்கறிப் பையோடு வந்தார். அண்ணன் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. தப்பித்தேன்.

அறை போனதும் சந்திக்க வேறு இடமில்லாமல் மற்ற மூவரும் பிறகு அகப்படவே இல்லை. ஒரு போன் நம்பர்கூட வாங்கி வைக்காத மடையர்கள் நாங்கள். அண்ணன் ஆறு மாதம் டீச்சரைத் தேடி அறை அறையாக அலைந்தான். மனசில் இருப்பதைச் சொல்ல அவனுக்கு இருந்த ஒரே ஆள் டீச்சர்தான். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பொய்யை அவனிடம் ஒப்புக்கொள்ளாமலே இருந்தேன்.

திங்கட்கிழமை மதிய இடைவேளையில் லிங்க்கை அனுப்பினேன். அறைக்குப் பழைய பெயரையே வைத்திருந்தேன். ஐந்து நிமிடத்தில் அண்ணன் வந்துவிட்டான், 'ஸ்பேனர்' என்ற அன்றைய பட்டப்பெயரோடு.

"பேரைப் பாத்ததும் என்னமோ பண்ணுச்சு," என்று எழுதினான்.

இதற்கு மேல் தாங்காது. "அன்னைக்கு லைனைக் கட் பண்ணது அம்மா இல்லண்ணா. நான்தான்."

அவன் தட்டுவதைக் காட்டும் மூன்று புள்ளிகள் துள்ளின. நின்றன. மறுபடி துள்ளின.

"தெரியும். அன்னைக்கு அம்மாவுக்குக் கண்ணாடி மாத்த நான்தான் கூட்டிட்டுப் போனேன். மூணு மணிலேருந்து என்கூடத்தான் இருந்தாங்க. வர்ற வழியில காய் வாங்க நின்னுட்டாங்க."

"அப்ப ஏன் என்னைத் திட்டல?"

"ரூம்தான் போயிடுச்சு. உன்கூடவும் பேச்சு நின்னுட்டா நான் எங்க போவேன்?"

திரை மங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கதவுக்கு வெளியே ஒரு பெரியவர் வீங்கிய மணிக்கட்டைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"ஆள் வந்துட்டாங்கண்ணா. போகணும்."

"போ. நான் இருக்கேன். நாலு மணிக்கு வந்துடு."

இப்போதெல்லாம் யாரும் காவல் இருக்க வேண்டாம் என்று எழுதப் போனேன். எழுதவில்லை. "சாவி உன்கிட்ட" என்று தட்டிவிட்டு, பதில் வரும்வரை நகராமல் நின்றேன்.