தெளிந்த ஏரியில் ஒரு கறுப்புக் கூரை

பம்ப் மோட்டார் சரளைக்கல்லை மெல்வதுபோல் இரைந்தது. பொறியாளருக்கு அந்தச் சத்தம் அத்துப்படி. ஏரிக்குள் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாய்வலை மறுபடியும் அடைத்துக்கொண்டது. போன வாரம்தான் சுரண்டினார்கள்.

அடைத்திருந்தது பச்சை நூல்பாசி. அதுதான் பொறியாளரான அவளுக்குப் பிடிபடவில்லை. ஊர்ச் சாக்கடை ஏரியில் விழாதபடி வாய்க்கால்களைத் திருப்பிவிட்டவளே அவள்தான். அதன்பின் பாசி ஒழிந்தது, தண்ணீர் கண்ணாடியாய்த் தெளிந்தது. இப்போது கரையெல்லாம் பாசி ஒதுங்கி நாறுகிறது. சாக்கடை எங்கோ கசிகிறது என்று ஊர் முணுமுணுத்தது. தேடிப் பார்த்துவிட்டாள், ஒரு சொட்டுக் கசிவில்லை. இன்னொரு முறை அடைத்தால் குழாயை மூடிவிடுவதாக மேலதிகாரி சொல்லிவிட்டார். மூடினால், ஏரி கெட்டுவிட்டது என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி.

முக்குளித்து வலையைச் சுரண்டுவது கொழுந்தனின் வேலை. மேலே வந்தவன் ஏரியடியில் மண்டிய சிப்பி கிழித்த கையுறையைக் கழற்றினான்.

"அண்ணி, ஏரியை ரொம்பத்தான் கழுவிட்டீங்க. அடியில உக்காந்து பேப்பர் படிக்கலாம், அவ்வளவு வெளிச்சம்."

"கிண்டல் அப்புறம். வலை முழுக்கவா பாசி?"

"பம்ப் மேடைத் தூண் நிழல் விழற பக்கத்துல மட்டும் பாசி கிடையாது. அங்க நான் கையே வைக்கிறதில்ல."

இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

"சுத்தமா இருக்குன்னு யாராவது புகார் குடுப்பாங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடவே விடையும் வந்தது. கலங்கல் இருந்தவரை ஏரியின் அடி இருட்டாக இருந்தது. சாக்கடை நின்றதும் கொஞ்சம் தெளிந்தது. பின்னால் வந்து குடியேறிய சிப்பிகள் மிச்சக் கலங்கலையும் வடிகட்டித் தின்றன. அவற்றின் கழிவு அடியிலேயே எருவானது. எருவும் வெயிலும் ஒரே இடத்தில் கிடைத்தால் பாசி விடுமா? ஏரி கெடவில்லை. அவள் நினைத்ததற்கு மேலேயே தெளிந்துவிட்டது.

அன்றே கொல்லரிடம் போனாள். வலையைவிட அகலமாக, கறுப்புச் சாயம் பூசிய ஒரு தகட்டுக் கூரை. கொழுந்தன் அதை வலைக்கு மேல் திருகாணி போட்டு முடுக்கினான். கோடை முழுக்க மோட்டார் ஒரே சுருதியில் ஓடியது. குழாயை மூடும் பேச்சும் நின்றது. எதிரே வந்தவர்களிடமெல்லாம் அவள் தலை நிமிர்ந்து விளக்கினாள்.

கரையில் ஒதுங்குவதை வாரித்தான் ஆக வேண்டும். ஆனால் வலைக்கு நிழல் கொடுத்தால் போதும்: வெளிச்சம் படாத கம்பியில் பாசி வளராது.