கட்டு முடியட்டும்

"இந்தப் புள்ளைக்குத் தலையே வேண்டாம்னு முடிவு பண்ணீட்டியா ராணி?"

செக்கிங் டேபிளிலிருந்து எழுந்து வந்த மருதாள் ஒரு குழந்தை பனியனை விஜயராணியின் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். மஞ்சள் துணி, நெஞ்சில் ஒரு வாத்து. இரண்டு தோளையும் மட்டும் சேர்க்க வேண்டிய இடத்தில், நடுவிலிருந்த கழுத்தையும் இழுத்துப் பிடித்து ஒரே ஓட்டாக ஓட்டியிருந்தது. ஓவர்லாக் மெஷின் தைத்துக்கொண்டே விளிம்பை வெட்டிவிடும். பிரித்தாலும் பிரயோஜனமில்லை.

"இது ஒண்ணுதானுங்களா அக்கா?"

"கட்டு பூராவும். எல்லாம் தலையில்லாத புள்ளைங்க."

லைன் சூப்பர்வைசர் சதீஷ்குமார் வந்தான். அவனுக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும்.

"ஏனுங்க்கா, ஊட்ல ஏதாச்சும் பிரச்சனைங்களா?"

"இல்லீங்க தம்பி."

"தூக்கம் வரலீங்களா?"

"வருதுங்க."

"அப்பறம் ஏனுங்க்கா கண்ணு அந்தப் பக்கமே போகுது?"

அந்தப் பக்கம் என்பது விஜயராணியின் இடது பக்கம். அங்கே சின்னத்தாயின் மெஷின் பழைய துணி போர்த்திக் கிடந்தது.

"வாத்து ஆர்டர் திங்கக்கெழமை போகோணுங்க்கா. இன்னொரு கட்டு இப்பிடி வந்துச்சுன்னா உங்களப் பிசிறு டேபிளுக்கு மாத்தச் சொல்லீட்டாருங்க ஓனரு. நானாச் சொல்லலீங்க."

கல்யாணத்துக்கு முன்னால் கம்பெனிக்கு வந்தபோது விஜயராணியை நிறுத்தியது பிசிறு டேபிளில்தான். நாளெல்லாம் நின்றபடி தொங்கும் நூலைக் கத்தரிப்பது. அங்கிருந்து மெஷினில் உட்கார அவள் எத்தனை பேரைக் கெஞ்சினாள், மதியச் சோற்று நேரத்தில் யார் யார் மெஷினில் திருட்டுத்தனமாகத் தைத்துப் பழகினாள் என்பதெல்லாம் மருதாளுக்குத் தெரியும். மருதாள் பனியனைச் சுருட்டிக்கொண்டு போனாள்.

சின்னத்தாய் சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. அவளும் விஜயராணியும் பக்கத்துப் பக்கத்து மெஷினில் பல வருஷம் தைத்தார்கள். இருவருக்கும் பேச்சு உண்டு. பேச்சுக்கு ஒரு முறையும் உண்டு. துணியை அழுத்தும் பாதம் கீழே இருந்தால் பேசக் கூடாது. ஒரு கட்டுத் துணி முடிந்து பாதத்தைத் தூக்கினால் பேசலாம். சின்னத்தாய்க்குப் பொறுமை போதாது.

"யக்கா, ஒண்ணு சொல்லணும்."

"கட்டு முடியட்டும்."

"மறந்துருவேன்க்கா."

"மறந்துபோற விஷயம்னா சொல்லாட்டிப் போகுது."

சிரிப்பாள். காத்திருப்பாள். நூல் கோன்கள் மெஷினுக்குப் பின்னால் உயரத்தில் நிற்கும். குனிந்து தைக்கிறவளுக்கு ஊசி தெரியுமே தவிர கோன் தெரியாது. அதனால் இவள் கோனை அவளும் அவள் கோனை இவளும் பார்த்துக்கொள்வார்கள். அந்த வரிசையில் எல்லோருமே அப்படித்தான்.

ஊரில் கோவில் கொடைத் திருவிழா என்று சின்னத்தாய் பையோடு வேலைக்கு வந்த நாளில், மதியத்துக்கு மேல் ஒரு தடவை கூப்பிட்டாள்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும்."

"கட்டு முடியட்டும்."

"யக்கா."

"முடியட்டும் சின்னத்தாயி."

கட்டு முடிந்து விஜயராணி திரும்பியபோது நாற்காலி காலியாக இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று பர்மிஷன் போட்டுப் போய்விட்டாள். அந்தக் கட்டின் பாதித் துணி தையல் பிடிக்காமல் கையோடு வந்தது. விஜயராணி சலித்துக்கொண்டே உட்கார்ந்து அதைத் திரும்பத் தைத்தாள். வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

சின்னத்தாய் வரவில்லை. கொடை முடிந்த மூன்றாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள் என்று போன்தான் வந்தது.

அதற்குப் பிறகு அந்த ஒரு வாக்கியம் விஜயராணியை விடவில்லை. என்ன சொல்ல வந்தாள்? உடம்பு சுடுகிறது என்றா? அன்று காலை அவள் மேல் விக்ஸ் வாசனை அடித்ததா, இல்லையா? அடித்தது என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, அது பிறகு தானாகச் சேர்த்துக்கொண்டது என்று இன்னொரு நாள் தோன்றும். திரும்பிப் பார்த்திருந்தால் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும். "இந்த ஒடம்போட ஊருக்கு எதுக்கடி போற" என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கலாம்.

இத்தனையும் மனசுக்குள் ஓடிய கேள்விகள். சின்னத்தாயின் குரல் வேறு. குரல் வெளியிலிருந்து வந்தது. முப்பது மெஷின் ஓடும் இரைச்சலுக்கு அடியில், இடது காதுக்குப் பக்கத்தில்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும்."

விஜயராணி திரும்புவாள். போர்த்திய துணி ஃபேன் காற்றில் ஓரம் தூக்கி அடங்கும். அதற்குள் கையில் இருக்கும் துணி எங்கோ போயிருக்கும்.

மெஷினில் மட்டும் என்றால் பரவாயில்லை. குரல் வீட்டுக்கும் வந்தது. பால் பொங்கி அடுப்பு அணைந்தது. இறங்க வேண்டிய ஸ்டாப்பைத் தாண்டி முதலிபாளையம் வரை போய்த் திரும்பினாள். ஒரே குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

"ஏனம்மிணி, கடலுக்குப் பக்கத்துல பொண்ணு எடுத்த மாதிரி இருக்குது," என்றார் புருஷன் அப்புசாமி, தட்டைத் தள்ளிவைத்து.

"தெரியாமப் போட்டுட்டனுங்க."

"மொதத்தடவையா, ரெண்டாந்தடவையா?"

அவள் குழம்பை விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். போனைப் பார்க்காதே என்றார் அப்புசாமி. அவள் போனில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மருதாள் வெள்ளகோவில் பக்கம் ஒரு பூசாரியிடம் கூட்டிப்போய்க் கறுப்புக் கயிறு கட்டி வந்தாள். மறுநாள் மெஷினில் உட்கார்ந்ததும் இடது பக்கம் கேட்டது.

"கையில என்னக்கா கயிறு? எனக்கா கெட்டியிருக்கிய?"

விஜயராணி சிரித்துக்கொண்டே கயிற்றைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தாள். வாத்துப் பனியன்களின் கழுத்தை மூடியது அன்றைக்குத்தான்.

பிசிறு டேபிள் என்று சதீஷ்குமார் சொன்ன அன்று சாயங்காலம் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். கொதிக்கும் பானையைத் துணியால் இரண்டு பக்கமும் பிடித்துச் சாய்த்திருந்தாள். கஞ்சி ஆவி முகத்தில் அடித்தது. அப்போது பார்த்துக் குரல் வந்தது.

"யக்கா, ஒண்ணு சொல்லணும்."

திரும்பினால் கஞ்சி காலில் ஊற்றும். திரும்ப முடியாது. பானையை விட்டுக் கண்ணை எடுக்காமல், பழைய பழக்கத்தில் வாய் தானாகச் சொன்னது.

"வடிச்சுட்டு வாரன், இரு."

குரல் நின்றது. போய்விடவில்லை, காத்திருந்தது. பக்கத்தில் ஒருத்தி காத்திருப்பது எப்படி இருக்கும் என்று விஜயராணிக்குத் தெரியும். பல வருஷம் தெரியும். இத்தனை நாள் தான் செய்த தவறு அப்போது அவளுக்குப் பிடிபட்டது. கூப்பிட்டவுடன் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். உயிரோடு இருந்தவளிடம் ஒரு நாளும் அப்படித் திரும்பியதில்லை.

கஞ்சி சொட்டு விடாமல் வடிந்தது. பானையை நிமிர்த்தினாள், மூடினாள், கையைத் துடைத்தாள். பிறகு முழு உடம்போடும் இடது பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லு."

ஒன்றும் இல்லை. சுவரில் காலண்டர் மட்டும் இருந்தது.

"ஆருகிட்ட அம்மிணி பேசற?" என்றார் அப்புசாமி வாசலிலிருந்து.

"சோத்துகிட்டீங்க."

"என்ன சொல்லுது?"

"உப்புப் போட்டாச்சுன்னுதுங்க."

மறுநாளிலிருந்து அதையே செய்தாள். குரல் கூப்பிடும். அவள் ஊசியை விட்டுக் கண் எடுக்காமல் "கட்டு முடியட்டும், சின்னத்தாயி" என்பாள். கட்டு முடியும்வரை அந்தக் காத்திருப்பு இடது பக்கம் உட்கார்ந்திருக்கும். துணி கைக்கு அடங்கி வரும். தோள் தோளோடு சேரும். கழுத்து திறந்து இருக்கும். கட்டு முடிந்ததும் பாதத்தைத் தூக்கித் திரும்பி, "சொல்லு" என்று கேட்பாள். கேட்கும்போது உண்மையாகவே கேட்டாள். பதில் வராது. அடுத்த கட்டை அவிழ்ப்பாள்.

"என்ன ராணி, கட்டுக்கு ஒருக்கா அந்த மெஷினுக்குச் சலாம் வெக்கற?" என்றாள் மருதாள்.

"உங்களுக்கு வெக்கோணுங்களாக்கா?"

"வேண்டா சாமி. எனக்கு இன்னும் நாளு இருக்குது."

கட்டுகள் சுத்தமாகப் போயின. சதீஷ்குமாரின் மரியாதை குறைந்தது. பால் பொங்கவில்லை, ஸ்டாப் தப்பவில்லை. ஆனால் குரல் குறையவில்லை. முன்பைவிட அடிக்கடி வந்தது, கேட்பதற்கு ஆள் கிடைத்ததுபோல. சில சமயம் காத்திருப்பிலிருந்து விக்ஸ் வாசனையும் வந்தது. அப்போதும் விஜயராணி திரும்பவில்லை. முதுகில் வேர்வை இறங்கும், தைப்பாள்.

வாத்து ஆர்டர் முடியும் சனிக்கிழமை அவள் கேன்டீனிலிருந்து டீ குடித்து வரும்போது சின்னத்தாயின் மெஷின் மேல் துணி இல்லை. ஒரு பெண் உட்கார்ந்து நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் சின்னச் சிலுவை.

"அது சின்னத்தாயி மெஷினுங்க தம்பி."

"கம்பெனி மெஷினுங்க்கா," என்றான் சதீஷ்குமார், மெதுவாகத்தான். "ஆஷான்னு பேரு. தூத்துக்குடிப் பக்கம். டெய்லர் எத்தன நாளுங்க்கா இல்லாம ஓட்டறது?"

விஜயராணி உட்கார்ந்தாள். கடைசிக் கட்டு. அவிழ்த்துப் பாதத்தை இறக்கினாள். பக்கத்தில் மெஷின் ஓடும் சத்தம் இத்தனை நாளைக்குப் பிறகு கேட்டது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பாதிக் கட்டுக்கு மேல் போயிருக்கும்.

"யக்கா, ஒண்ணு சொல்லணும்."

"கட்டு முடியட்டும், சின்னத்தாயி."

மெஷின் ஓடியது.

"யக்கா."

"முடியட்டும்னு சொன்னன்ல."

மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. விஜயராணி இரண்டு துணி தைத்தாள். மூன்றாவதை ஊசிக்குள் தள்ளும்போது அந்த மௌனம் அவள் காதை அடைத்தது. இதைத்தான் அன்றைக்குக் கேட்டாள். இரண்டு தடவை கூப்பிட்டு, மூன்றாவது தடவை இல்லாமல் போனது. கட்டு முடிந்து திரும்பியபோது நாற்காலிதான் இருந்தது.

இன்னும் நாலைந்து துணிதான். முடித்துவிட்டுத் திரும்பலாம். அதுதான் முறை. அந்த முறையால்தான் மெஷின் பிழைத்தது.

கட்டின் நடுவில் பாதத்தைத் தூக்கினாள். எத்தனையோ வருஷத்தில் முதல் தடவை. திரும்பினாள்.

அங்கே ஆள் இருந்தது. கண்ணை விரித்துக்கொண்டு, பயந்து.

"நான் ஆஷாக்கா," என்றாள் அந்தப் பெண். "சின்னத்தாயி இல்ல."

"என்ன கண்ணு சொல்லோணும்?"

"ஒங்க கோன்ல நூலு தீந்துட்டுக்கா. அந்தக் கடைசிக் கோனு. அப்பவே சொல்லுதேன், நீங்க திரும்ப மாட்டுக்கிய."

விஜயராணி எட்டிப் பார்த்தாள். அடியில் பின்னும் லூப்பர் நூலின் கோன் வெறும் கூடாக நின்றது. கடைசியாகத் தைத்த பனியனை எடுத்துத் தோளைப் பிடித்து இழுத்தாள். தையல் பொலபொலவென்று விட்டு வந்தது. அதற்கு முந்தியதும் வந்தது. அதற்கு முந்தியது பிடித்திருந்தது.

கையில் விரிந்து கிடந்த துணியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்கும் இப்படித்தான் கையோடு வந்தது. பாதிக் கட்டு. சலித்துக்கொண்டே திரும்பத் தைத்தாளே, புதுக் கோன் மாட்டி. அந்தக் கோனையும் சின்னத்தாய் கூப்பிட்டதையும் ஒரு நாளும் சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை.

"இதத்தான் சொல்ல வந்தியா?" என்று கேட்டாள். ஆஷாவைப் பார்த்துக் கேட்கவில்லை. அந்த நாற்காலியைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆமாக்கா, இதத்தான்," என்றது நாற்காலியிலிருந்து. "வேற என்ன சொல்லப் போறேன்?"

ஆஷாவின் உதடுதான் அசைந்தது. விஜயராணி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ஏன்க்கா அழுதிய?"

"அழுகலீங் கண்ணு. பஞ்சு." முந்தானையால் துடைத்துக்கொண்டு, எட்டி அந்தப் பெண்ணின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் கீய்ச்சல் ஒண்ணும் இல்லீல்ல?"

"இல்லக்கா. ஏன்?"

"சும்மா. இருந்தாச் சொல்லோணும். நான் தெச்சுட்டு இருந்தாலும் சொல்லு. கேக்கலீன்னா தோளத் தட்டு."

"கட்டு முடியட்டும்னு சொன்னியளே."

"அது வேறொருத்திக்குச் சொன்னது."

புதுக் கோனை மாட்டிப் பழைய நூலின் நுனியில் முடிச்சுப் போட்டு இழுத்தாள். பிரிந்தவற்றைத் திரும்ப ஓட்டிக் கட்டைக் கட்டிச் செக்கிங்குக்கு அனுப்பினாள். மருதாள் ஒவ்வொரு தோளாக இழுத்துப் பார்த்தாள். கடைசியில் ஒரு பனியனின் கழுத்துக்குள் கையை விட்டு வாத்துக்கு மேலே விரலை ஆட்டிக் காட்டினாள்.

"தலை நுழையுது ராணி."

"அக்கா திங்கக்கெழம இங்கயே உக்காருங்க்கா," என்றான் சதீஷ்குமார் போகிற போக்கில்.

பெல் அடிக்கக் கொஞ்சம் முன்னால், பெரியவர் சைஸ் கட்டு ஒன்றைத் தொடங்கியிருந்தாள். இடது காதுக்குப் பக்கத்தில் மறுபடி கேட்டது.

"யக்கா."

பாதத்தைத் தூக்கித் திரும்பினாள். ஆஷா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது. லேசாக விக்ஸ் வாசனை வந்தது, யார் தேய்த்திருந்தார்களோ.

விஜயராணி மேலே பார்த்தாள். தன் கோன்கள் எல்லாவற்றிலும் நூல் இருந்தது. ஆஷாவின் கோன்களையும் பார்த்தாள். இருந்தது.

"எல்லாம் இருக்குது சின்னத்தாயி," என்றாள். கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுப் பாதத்தை இறக்கினாள்.