நங்கூரத்தில் கட்டிய பச்சை ஒயர்

மாசிலாமணி வீட்டு வாசலில், வேப்பமர நிழலில், அன்று மதியம் இருந்தவர்கள் நான்கு பேர். பக்கத்து வீட்டுச் சிங்காரம் கவிழ்த்துப் போட்ட மீன்கூடை மேல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே மாசிலாமணி, கிழிந்த வலையை மடியில் போட்டபடி மணலில். கரண்டு கோளாறைப் பார்க்க வந்த வயர்மேன் ஞானதாஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். மாசிலாமணியின் மனைவி ராஜாத்தி வாசற்படியில், மடியில் அட்டையும் முழுநீளத் தாளுமாக. அவளுடைய மின்சார ஆட்டோ ஓலைப்பந்தலின் கீழ் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

குப்பத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் ராஜாத்தியிடம்தான் வருவார்கள். பொன்னேரியில் பத்தாவது வரை படித்தவள். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசை பிசகாமல் எழுதுவாள். அதனால்தான் சிங்காரம், அவள் மேலேயே போடுகிற புகாரையும் எழுதி வாங்க அவளிடமே வந்திருந்தார்.

"உன் மேல மனுதான், இல்லன்னு சொல்லல. ஆனா உன் எழுத்துன்னாதான் ஆபீஸ்ல படிக்கிறான். எழுதுமே. பொருள்: ராஜாத்தி வீட்ல வண்டிக்கு சார்ஜ் போடுற கரண்டைக் கட் பண்ணணும்."

எழுதிக்கொண்டே அவள் கணக்குப் போட்டாள். அந்தக் கரண்டு போனால் ஆட்டோ இல்லை. விடியலில் நண்டுக் கூடைகளைப் பொன்னேரிச் சந்தைக்கு ஏற்றிப் போவதும் இல்லை. பழையபடி பஸ்ஸில் கூடையோடு ஏறி, கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

"காரணம் சொல்லுங்கண்ணே," என்றாள்.

"மூணு நாளா வண்டியத் தொட்டா விர்ருனு இழுக்குது. நேத்து கைய வச்சுட்டு, நைனானு கத்திட்டேன்."

"அம்பது வயசுல நைனாவக் கூப்ட்டியே மச்சான், தெருவே சிரிச்சுது," என்றான் மாசிலாமணி.

ஞானதாஸ் எழுந்துபோய் வண்டியின் இரும்பில் டெஸ்டரை வைத்தார். விளக்கு எரிந்தது. உடனே சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்கினார். பிறகு, மண்ணுக்குள் இறங்க வேண்டிய எர்த்து ஒயரை, அந்தப் பச்சை ஒயரை, சுவரோரமாகப் பின்தொடர்ந்தார். அது வீட்டைச் சுற்றிப் போய், வலை காயப்போடும் நைலான் கயிற்றில் அழகான முடிச்சோடு முடிந்தது.

"எர்த்து எங்கய்யா?"

"நங்கூரத்துலதான் கட்னேன்," என்றான் மாசிலாமணி. "ஏரியில வலையில மாட்டுச்சே, அந்தக் காலத்து டச்சுக்காரன் கப்பல் நங்கூரம், அது. முழ ஆழத்துல பொதச்சேன். கப்பலயே நிறுத்துனது கரண்ட நிறுத்தாதா?"

"அது இப்ப எங்க?"

சிங்காரம் உட்கார்ந்திருந்த கூடை கிறீச்சிட்டது.

"எம் படகு இழுத்துக்கினு போவுதுன்னு ஒரு வாரத்துக்குத் தோண்டி எடுத்தேன். ஒயர ஒண்ணும் அறுக்கல. பத்திரமா கயித்துல கட்டித்தான் வச்சேன்."

ராஜாத்தி பேனாவை மூடினாள். "எத்தினி நாளாச்சுண்ணே?"

"மூணு நாளு," என்றார் சிங்காரம், மணலைப் பார்த்து.

மாசிலாமணி வலையோடு சாய்ந்து சிரித்தான்.

"சிரிக்காதப்பா, உன் வேலையும் தப்புதான்," என்றார் ஞானதாஸ். "இந்த உப்பு மண்ணுல நங்கூரத்த துரு தின்னுடும். எர்த்துக்குன்னு குழி வெட்டி பைப் எறக்கணும். சார்ஜருக்கு மீட்டர்லேர்ந்து தனி லைன் வேணும், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஆவாது. கரண்டு கசிஞ்சா தானா விழுற சுவிட்சு போடணும். அது விழுந்தா தூக்கித் தூக்கி விடாம என்னக் கூப்பிடணும். லோடு ஏத்த ஆபீஸ்ல எழுதிக் குடுங்க. அதுவரைக்கும் ப்ளக்கத் தொடக் கூடாது."

"குழி நான் வெட்டுறேன்," என்றார் சிங்காரம் அவசரமாக. "அதுவரைக்கும் கூடைய பஸ் வரைக்கும் நானே தூக்கியாறேன்."

ராஜாத்தி பேனாவைத் திறந்தாள். எழுதிய தாளை அடித்துத் திருத்துவது அவளுக்குப் பிடிக்காது, புதுத்தாள் எடுத்தாள். பொருள்: வாகன சார்ஜருக்காக மின்பளு உயர்த்தித் தர வேண்டுதல். தனி லைன், எர்த்துக் குழி, கசிவு சுவிட்ச் என்று ஞானதாஸ் சொன்னதை வரிசையாக எழுதி, தன் கையெழுத்தைப் போட்டாள்.

"சாட்சிக் கையெழுத்து நீங்கதான்ணே. ஷாக் அடிச்ச ஆளு."

"நங்கூரத்த எழுதிடாதம்மா."

"எழுதல. கொண்ணாந்து வச்சுடுங்க."

உறையின் வாயில் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அழுத்தி ஒட்டினாள். டச்சுக் கல்லறைப் பக்கத்துத் தபால்பெட்டியில் போட, சிங்காரம் அதை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ப்ளக் பிடுங்கிக் கிடந்தும் ஆட்டோவை விட்டு நாலடி தள்ளியே நடந்துபோய், சைக்கிளில் ஏறினார்.